ஓடாத வண்டி ஓடிய தூரம்

அக்காவை நான் முதன்முதலில் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. புதுச் சட்டையின் கடை மடிப்புகூடக் கலையவில்லை. வண்டிக் கொட்டகைப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பெண். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். உள்ளே இருந்த நீலப் பெட்டியைக் காட்டி, "தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்றார்.

"நான் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்" என்றேன். நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. என்பதையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் ஞாபகம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிகிரி வாங்கினவங்க பெட்டி தூக்கக் கூடாதுன்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கா?"

என் அப்பா கல்குவாரியில் இருபது வருடம் கல் தூக்கியவர். நான் தூக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் தூக்கினார். எங்கள் தெருவிலேயே முதல் பட்டம் என்னுடையது. அந்த வீம்பில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் இருபத்திரண்டு கிலோ பெட்டியைத் தனியாக இறக்கி, தரையில் சத்தம் வராமல் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "உள்ள இருக்கிறது நாப்பது பேரோட ரத்தம். என் முதுகு போனா பரவாயில்ல, இது குலுங்கக் கூடாது. நாளையில இருந்து தூக்கு, டிகிரி."

மறுநாளிலிருந்து தூக்கினேன். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு வரை அவருக்கு நான் டிகிரிதான்.

எங்கள் நிலையத்தின் வேலை, விலங்குகளிலிருந்து மனிதர்களுக்குத் தாவும் வைரஸ்களைத் தேடுவது. முன்வாசல் பக்கம் மனிதப் பிரிவு, நான்கு மாடி. பின்னால் கால்நடைப் பிரிவு, இரண்டு மாடி. இரண்டுக்கும் நடுவில் எட்டடிச் சுவர், சுவரில் ஒரு இரும்புக் கதவு. ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே கிருமி வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டிய இடத்தில், ஆட்டு ரத்தம் ஒரு பக்கம், மனித ரத்தம் மறுபக்கம், நடுவில் பூட்டு. அந்தப் பூட்டின் சாவி வண்டிப் பிரிவு மேற்பார்வையாளரிடம் இருந்தது. இடுப்பில் ஒரு கொத்துச் சாவியோடு நடப்பார். எல்லோரும் அவரைச் சாவிக்காரர் என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அந்தப் பக்கத்து ஆளிடம் ஒரு விவரம் கேட்க வேண்டுமானால் கடிதம் எழுத வேண்டும். பதில் வருவதற்குள் ஆடு குட்டி போட்டுவிடும்.

இரண்டு பக்கமும் போய்வந்த ஒரே ஆள் அக்கா. ரத்தம் எடுத்த வீட்டிலிருந்து ஃப்ரீசர் வரை பெட்டியைச் சூடேறாமல் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. வண்டியில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. பெட்டி வண்டிக்குள் இருக்கும்போது யாரும் புகைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்தக் கூடாது. நிழல் இல்லாவிட்டால் டீயும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசை எண் அச்சடித்த பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டி, இழுத்துப் பார்ப்பார். பிறகு மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். "ஒரு தடவை இழுக்கிறது சீலுக்கு. ரெண்டாவது தடவை என் மனசுக்கு" என்பார். சீல் எண், தேதி, வீடு, நேரம், கிலோமீட்டர் எல்லாம் லாக் புக்கில் ஏறும். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும்; எண்கள் மட்டும் முத்துமுத்தாக.

ஒன்பது வருடமாக அவர் ஒப்பந்த ஊழியர். பதினோரு மாதம் வேலை, நடுவில் ஒரு நாள் இல்லை என்று காட்டுவார்கள், மறுபடி பதினோரு மாதம். நிரந்தரம் ஆக்கச் சொல்லி அவர் கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்பது அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீடு, கணவர் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. அவர் கண்ணாடி வெட்டுகிறவர். விரல்களில் எந்நேரமும் ஏதாவது ஒன்றில் பிளாஸ்திரி. ஜன்னலில் வெட்டி மிஞ்சிய கண்ணாடிகள்தான், ஒரு கட்டம் வழவழப்பு, ஒரு கட்டம் சொரசொரப்பு, ஒன்று பச்சை. மகள் பத்தாம் வகுப்பு. நான் போகும்போதெல்லாம் கணவர் முதலில் கேட்பது, "ஃபைல் எந்த மாடிக்கு ஏறியிருக்கு தம்பி?" என்பதுதான். "மூணாவது மாடி" என்றால், "ஒன்பது வருஷத்துல மூணு மாடி. லிஃப்ட் இல்லாத ஃபைலா இருக்கும்போல" என்பார். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, மாடிக்கு மூணு வருஷம். நாலாவது மாடின்னா நான் காலேஜ்" என்பாள்.

நான் சேர்வதற்கு முந்தைய வருடம் நிலையம் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியிருந்தது. மலையடிவாரத்தில் பன்னிரண்டு வீடுகள். அங்கே ஆடுகள் குறைமாதத்தில் குட்டி தள்ளின. மனிதர்களுக்கு ஒரு பேர் தெரியாத காய்ச்சல். வீட்டு மனிதர்களின் ரத்தமும் அதே வீட்டு ஆடுகளின் ரத்தமும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும், அப்போதுதான் அது ஒரு ஜோடி. இரண்டிலும் ஒரே வைரஸ் இருந்தால் தாவியிருக்கிறது என்று பேச்சையாவது தொடங்கலாம்.

அந்தப் பன்னிரண்டில் ஒரு வீடு ஆட்டுக்காரம்மாவுடையது. ரத்தம் எடுத்த அன்று அவருடைய மகனுக்குக் காய்ச்சல் இரண்டாம் நாள். ஆனாலும் எழுந்துவந்து, கால்நடை உதவியாளர் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதற்காக ஆடுகளின் காலைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். பிறகு தானும் கையை நீட்டினான். நான்காம் நாள் இறந்துபோனான். கண் மஞ்சளாகி, ரத்தமாக வாந்தி எடுத்து. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காய்ச்சல், காரணம் அறியப்படவில்லை' என்று இருந்தது. ஊரில் அதை யாரும் படிக்கவில்லை. கண் மஞ்சள், ரத்த வாந்தி என்றால் குடிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். குடிவாசனையே அறியாத பையன்.

நான் அக்காவோடு அந்த வீட்டுக்கு ஒரு தடவை போனேன். மறு பரிசோதனைக்காகச் சில ஆடுகளின் ரத்தம் வாங்க. ஆட்டுக்காரம்மா என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அக்காவிடம் வந்தார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டுக்கிட்டே இருக்கேன்மா. இன்னும் சொல்லல."

"எம்மருமகளுக்கு வேற இடத்துல பாக்கலாம்னு அவங்க வீட்ல வந்தாங்க. போற இடத்துல எல்லாம் குடிகாரன் பொண்டாட்டிதானேன்னு எடுத்தவுடனே கேக்குறாங்களாம். என்ன காய்ச்சல்னு ஒரு பேரு வேணும். எழுத்துல வேணும். வாயால சொன்னா எவன் நம்புறான்?"

"எங்க பிரிவு டாக்டரம்மாகிட்ட நீங்களே ஒரு தடவை…" என்று நான் தொடங்கினேன்.

"எந்த டாக்டர் தம்பி இங்க திரும்பி வந்தாங்க?" என்றார். "ரத்தம் எடுத்தவங்கள்ல திரும்பி வந்தது வண்டி ஓட்டுறவ ஒருத்திதான்."

திரும்பும் வழியில் நிலையத்தை நெருங்கும்போது அக்கா, "அந்த டியூப் எங்க இருக்கு, டிகிரி?" என்றார்.

அதுதான் சிக்கல். மனித ரத்தத்தில் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒரு மூடிய உறையில், நெறிமுறைக் குழுவின் அலமாரியில் இருந்தது. ஜோடி உறுதியானால்தான் உறை திறக்கும். அது நல்ல விதிதான். யாருடைய நோயும் சந்திக்கு வரக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆளின் கழுத்தை எப்படிப் பிடிக்கும் என்பதைத்தான் நான் பிறகு பார்த்தேன்.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தது. மனிதப் பிரிவில் ஒரு டியூபில் வைரஸ். கால்நடைப் பிரிவில் மூன்று ஆட்டு டியூப்களில் வைரஸ். வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நான்கும் அச்சு அசல் ஒன்றே போல இருந்தன. மனிதப் பிரிவின் தலைவர், நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், அன்று நாற்காலியில் உட்காரவே இல்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த நாலும் ஒரே வீட்டுப் பெட்டிதானா, ஒரே நாள்தானான்னு எனக்குத் தெரியணும். வண்டியோட லாக் புக்ல சீல் நம்பர் இருக்கும். பன்னிரண்டு வீட்டுக்கும் அட்டவணை போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடு. அன்னிக்கு அறிக்கை மூடுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பெயராகவாவது என் பெயர் வரும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். லாக் புக்கைக் கொட்டகையிலேயே உட்கார்ந்து புரட்டினேன்.

விதிப்படி மனித ரத்தமும் விலங்கு ரத்தமும் ஒரே வண்டியில் வரக் கூடாது. அதனால் நிலையத்துக்கு இரண்டு வண்டிகள், இரண்டு லாக் புக்குகள். முதல் வண்டியின் புத்தகத்தில் ஆட்டுக்காரம்மா வீடு: காலை ஆறு மணி, மனித ரத்தம். இரண்டாம் வண்டியின் புத்தகத்தில் அதே வீடு: மறுநாள், காலை பதினொன்றரை, ஆட்டு ரத்தம். தேதி வேறு. ஜோடி இல்லை. பன்னிரண்டு வீட்டையும் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். இன்று மனிதர், மறுநாள் ஆடு. பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு.

இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அந்த நேரம் உறுத்தியது. நான் ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளை. பதினொன்றரை மணிக்கு எந்த ஊரில் ஆடு பட்டியில் நிற்கும்? விடிந்தவுடன் அவிழ்த்துவிட்டால் பொழுது சாயத்தான் திரும்பும். பதினொன்றரைக்குப் போனால் புழுக்கையைத்தான் எடுத்து வரலாம்.

சீல் எண்களைப் பார்த்தேன். மனிதப் பெட்டி 4417. மறுநாள் ஆட்டுப் பெட்டி 4418. ஆனால் மனிதப் பெட்டி வந்த அதே நாள் மதியம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த பெட்டி 4419. மறுநாள் மாட்டிய சீலுக்கு முந்தைய நாள் எண் எப்படி வரும்? பன்னிரண்டு வீட்டிலும் இதே கதை. சீல்கள் பொய் சொல்லவில்லை, தேதிகள்தான் சொல்லியிருந்தன.

கொட்டகையின் பின்பக்கம் போனேன். இரண்டாம் வண்டி செங்கல் மேல் நின்றது. சக்கரம் நான்கும் இல்லை. பேட்டரி இருந்த இடத்தில் எலி வைத்த கூடு. முன்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் பூ வரைந்து, அந்தப் பூவின் மேலும் தூசி படிந்திருந்தது. லாக் புக்கின்படி இந்த வண்டி, நாளுக்கு இரண்டு வீடாக, ஆறு தடவை மலையடிவாரம் போய்வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நூற்று நாற்பது கிலோமீட்டர். டீசல் பத்தி மட்டும் முதலிலிருந்து கடைசி வரை காலி. ஒரு சொட்டு டீசல் குடிக்காமல் ஓடிய வண்டி.

அக்கா தன் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு புத்தகத்தையும் பானெட் மேல் வைத்தேன்.

"பதினொன்றரைக்கு எந்த ஆடுக்கா பட்டியில நிக்கும்?"

துணி நின்றது. பிறகு மறுபடி துடைத்தார். "உங்க ஊர் ஆடு நிக்காதோ?"

"எந்த ஊர் ஆடும் நிக்காது."

"அது சரி. டவுன்ல பொறந்தவ எழுதினா இப்படித்தான் இருக்கும். ஆபீஸ் நேரத்துல ஆடு இருக்கும்னு நெனச்சுட்டேன்." துணியை உதறித் தோளில் போட்டார். "கண்டுபிடிச்சுட்டே. டிகிரி வேலை செய்யுது."

"ஏன்க்கா இப்படி?"

"அந்த வண்டி நின்னு மூணு வருஷம். எட்டு தடவை எழுதிக் குடுத்தேன். ஒன்பதாவது தடவை சாவிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'விதிப்படி ரெண்டு வண்டி போகணும், இருக்கிறது ஒண்ணு. அதனால ரெண்டு போனதா எழுதிக்கோ. எவன் பாக்கப் போறான்'னு. நர்ஸம்மா, ஆட்டு ஊசிக்காரர், ரெண்டு பெட்டி, எல்லாம் இந்த ஒரு வண்டியிலதான். ஆட்டுப் பெட்டிய ஒரு ராத்திரி கொட்டகை ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் அந்தப் பக்கம் குடுப்பேன், தேதி ஒத்து வரணும்ல. அங்கயும் அதே தேதியப் போட்டு வாங்கிக்குவாங்க. ஒரு நாள் வித்தியாசம் இவ்வளவு பெரிய விஷயம்னு எங்கிட்ட யாரு சொன்னா? ஆடு அதே ஆடு, வீடு அதே வீடு."

உண்மைதான். ஜோடி என்றால் என்ன, ஏன் ஒரே நாள் வேண்டும் என்பதை மனிதப் பிரிவில் எல்லோருக்கும் படம் போட்டு விளக்கினார்கள். ஓட்டுநரை அந்த அறைக்குக் கூப்பிடவில்லை.

"நான் சீல் நம்பரப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்" என்றேன்.

"திறக்கலைன்னா?"

"தேதி வேற வேற. பன்னிரண்டு வீடும் கழிஞ்சிடும்."

"உறை?"

"திறக்காது."

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நின்றிருந்த தன் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். "என் நிரந்தர ஆர்டர் நாலாவது மாடிக்கு ஏறியிருக்கு. திங்கக்கிழமை கையெழுத்து."

டாக்டரம்மாவிடம் போய் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். காரணம் மட்டும் சொல்லவில்லை. "அறிக்கை வெள்ளிக்கிழமை மூடுதுன்னா வெள்ளிக்கிழமைதான் மூடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே யாரோ கழுத்தைப் பிடித்திருந்தார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளை யாராலும் நகர்த்த முடியவில்லை.

வியாழன் மாலை அக்கா வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். கடிதம் எழுத. மேசை என்பது இரண்டு பெட்டிகள் மேல் போட்ட தடித்த கண்ணாடிதான். நான் 'மேற்படி விஷயமாகத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கினேன்.

"மேற்படியெல்லாம் வேண்டாம்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "எழுதினது பொய், நடந்தது இது. ரெண்டு வரிதான்."

கணவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "திங்கக்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இருக்க முடியாதா உன்னால? ஒன்பது வருஷம் இருந்தியே."

"திங்கக்கிழமை சொன்னா அறிக்கை மூடிடும்."

"மூடட்டும். உனக்கென்ன, நீ டாக்டரா?"

"அந்தப் பையன் ஆட்டுக் காலப் பிடிச்சுட்டு எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உதைச்சிடும்'னான். உடம்பு நெருப்பா கொதிக்குது அவனுக்கு." எழுதிக்கொண்டே சொன்னார். "அவனப் போய்க் குடிகாரன்ங்கிறாங்க."

கணவர் கீழே கடைக்கு இறங்கிப் போனார். சற்று நேரத்தில் கண்ணாடியை வைரத்தால் கீறும் சத்தம் கேட்டது. மகள் எழுந்து கடிதத்தை எட்டிப் பார்த்து, "'ஒரே நாள்'க்கு ள் போடணும்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கடிதமும் என் அட்டவணையும் ஒன்றாகப் போயின. எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். சீல் எண்கள் சாட்சி, பன்னிரண்டும் ஜோடி, உறை திறக்கும், அக்காவுக்கு ஒரு கண்டனக் கடிதம் வரும், அவ்வளவுதானே.

ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அது முடியும் வரை அறிக்கையின் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு மூடினார்கள். சாவிக்காரரைக் கேட்டார்கள். "நான் அப்படிச் சொன்னதா எங்கயாவது எழுத்துல இருக்கா?" என்றார். இல்லை. நர்ஸ் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். ஆட்டு ஊசி உதவியாளருக்குத் தேதி ஞாபகம் இல்லை. அக்கா வண்டி பழுது என்று எழுதிக் கொடுத்த எட்டுக் கடிதங்களின் நகல் கேட்டார்கள். அவரிடம் நகல் இல்லை. நகல் எடுக்கும் இயந்திரம் இருந்த அறையின் சாவியும் சாவிக்காரரிடம்தான் இருந்தது. செங்கல் மேல் நிற்கும் வண்டியைப் போய்ப் பாருங்கள் என்று நான் சொன்னேன். பார்த்தார்கள். குறிப்பேட்டில், 'வாகனம் தற்போது இயங்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். தற்போது.

அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். முடிவைத்தான் இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை. தேதி ஒன்றுதான் என்று குழு ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த வரியில், இரண்டு வகை ரத்தமும் ஒரே வண்டியில் வந்ததால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கிருமி கலந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது, ஆகவே பன்னிரண்டு ஜோடிகளும் தள்ளுபடி என்று இருந்தது. பொய்த் தேதியில் அவை ஜோடியே இல்லை. உண்மைத் தேதியில் அவை சுத்தமில்லை. எப்படிப் போனாலும் சுவர்.

நான் கூட்டத்தில் எழுந்து நின்றேன். டியூப் மூடியிருக்கிறது, பெட்டி மூடியிருக்கிறது, சீல் உடையவில்லை, இரண்டு பெட்டியையும் இரண்டு வேறு கட்டடத்தில், வேறு ஆட்கள், வேறு நாளில் திறந்தார்கள், எதன் வழியாக ஐயா கலக்கும் என்று கேட்டேன். குழுத் தலைவர் பொறுமையாக, "உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்" என்றார். பதிலுக்குப் பதிலாகக் கிடைக்கும் பாராட்டைப் போல ஆத்திரமூட்டுவது வேறில்லை. டாக்டரம்மா தலை குனிந்து காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "எனக்கு அந்த நாலும் ஒண்ணுன்னு தெரியும். தெரியும்ங்கிறத வெச்சு நான் கட்டுரை எழுத முடியாது" என்றார்.

அக்காவின் பெயர் நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒப்பந்தமும் ரத்து. பன்னிரண்டு வீட்டிலும் புதிதாக ரத்தம் எடுக்க உத்தரவு வந்தது. புதிய ஓட்டுநரை அனுப்பினார்கள், நர்ஸோடும் நான்கு படிவத்தோடும். முதல் நாள் பன்னிரண்டில் ஒரு வீடுகூடக் கதவைத் திறக்கவில்லை. "அந்த அம்மா எங்க?" என்று மட்டும் கேட்டார்களாம். ஆட்டுக்காரம்மா நாயை அவிழ்த்தே விட்டுவிட்டார்.

ஆகவே அக்காவைத் தினக்கூலிக்குத் திரும்ப அழைத்தார்கள். பதவிப் பெயர் 'வழிகாட்டி'. வண்டியைத் தொடக் கூடாது. அவர் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கொட்டகையில் நின்றார். "என்ன பாக்குறே? பெட்டிய ஒரு பக்கம் பிடி" என்றார்.

அன்று ஆட்டுக்காரம்மாவிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. பட்டி வாசலில் நின்றபடியே சொன்னார். ஒரு மனுச ரத்தத்துலயும் மூணு ஆட்டு ரத்தத்துலயும் ஒரே கிருமி இருக்கு. அது உங்க பையனோடதுன்னு என் மனசு சொல்லுது. ஆனா எழுதித் தரமாட்டாங்க. அதுக்கு நான் எழுதின பொய்யும் ஒரு காரணம்.

ஆட்டுக்காரம்மா திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அக்காவுக்கு லேசாக இருந்திருக்கும். "உன் மனசு சொல்றத நான் ஊர்ல போய் எப்படிம்மா காட்டுவேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு போய் ஆட்டைப் பிடித்து வந்தார். காலைப் பிடித்துக்கொண்டது இந்தத் தடவை மருமகள்.

புது ரத்தத்தில் ஆடுகளில் வைரஸ் வந்துபோன தடயம் இருக்கலாம், வீட்டில் மற்றவர்களிடமும் இருக்கலாம். வந்தால் கட்டுரை வரும், என் பெயரும் வரும். ஆனால் இறந்தவனிடம் யாரும் இரண்டாம் தடவை ரத்தம் எடுக்க முடியாது. அவனுடையது பழைய டியூபில்தான் இருக்கிறது. அந்த டியூப் தள்ளுபடியான கணக்கில். உறையைத் திறக்கச் சொல்லி டாக்டரம்மா இரண்டு தடவை எழுதிவிட்டார். மூன்றாவது கடிதத்தை நான் எழுதினேன், அக்கா சொன்ன மாதிரி, மேற்படி இல்லாமல். இரண்டு வரி. பதில் இல்லை.

இப்போது விதி முழுசாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டாம் வண்டிக்குச் சக்கரம் மாட்டிவிட்டார்கள். ஒரே வீட்டுக்கு, ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வண்டி போகிறது. முன்னதில் மனிதப் பெட்டி, பின்னதில் ஆட்டுப் பெட்டி, நடுவில் பத்தடி இடைவெளியும் புழுதியும். அக்கா முன்வண்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில். மேடு பள்ளம் வரும்போது அவர் கால் தன்னை அறியாமல் இல்லாத பிரேக்கை மிதிக்கும். சீல் மாட்டுவது புதிய ஓட்டுநர் வேலை. அவர் ஒரு தடவைதான் இழுத்துப் பார்க்கிறார். அவர் திரும்பியதும் அக்கா கையை நீட்டி இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறார்.

பன்னிரண்டு வீட்டில் ஒன்பது முடிந்திருக்கிறது. அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. கணவர் ஃபைல் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். சாவிக்காரர் அதே இடத்தில் அதே சாவிக்கொத்தோடு இருக்கிறார். டியூப் மைனஸ் எண்பது ஃப்ரீசரில், மூன்றாவது அடுக்கில் இருக்கிறது, உறை அலமாரியில். ஒவ்வொரு நாளும் பெட்டியை இறக்கும்போது அக்கா கேட்கிறார், "திறந்தாச்சா, டிகிரி?" இன்று காலையும் கேட்டார். இன்னும் இல்லை.